கட்டளைக்கு முந்திய கைகள்

“ஜனவரி 25, சனி. தை 12. பெஞ்ச் 70 கிலோ: சிவப்பு, சிவப்பு, வெள்ளை (?)”

நாள்காட்டியிலிருந்து கிழித்த தாளின் பின்பக்கத்தில், பஸ்ஸில் உட்கார்ந்து நான் எழுதிய குறிப்பு இது. எழுத்து கோணலாக இருக்கிறது. அன்று என் முன்னங்கைகள் பேனா பிடிக்கும் நிலையில் இல்லை. நடந்ததைத் தேதி போட்டு அன்றன்றே எழுதிவைப்பது பள்ளி நாளிலிருந்து எனக்குப் பழக்கம். உறவினர்களின் கல்யாணத் தேதியை அவர்களே என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். மேலே உள்ள வரியில் கேள்விக்குறியை மட்டும் பிறகு சேர்த்தேன். அன்று மாலை, பயிற்சியாளரின் செல்போனில் இருந்த வீடியோவைப் பார்த்த பிறகு.

அந்த ஜனவரியில் எனக்கு இருபத்தைந்து வயது நடந்துகொண்டிருந்தது. பாலக்கரையில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் தற்காலிக வேலை. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுப்பதாக அறிவிப்பு வந்திருந்தது. பவர்லிஃப்டிங்கில் மாநிலப் போட்டியில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்த சான்றிதழ் வேண்டும். வயது வரம்பு அந்த ஜூலையோடு எனக்கு முடிகிறது. அதற்குள் இருந்த ஒரே மாநிலப் போட்டி அந்தச் சனிக்கிழமை, திருச்சியிலேயே நடந்தது. எழுத்துத் தேர்வு எழுதி வேலை வாங்கும் வழியில் இரண்டு முறை போய்த் திரும்பியிருந்தேன். இது ஒன்றுதான் மிச்சம் என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாததால் எல்லாருக்கும் அது தெரிந்தே இருந்தது.

போட்டியின் விதிகளைச் சொல்லிவிட வேண்டும். அவை தெரியாமல் அன்று நடந்தது புரியாது. எடைத்தட்டு மாட்டிய இரும்புக் கம்பியை, அதாவது பாரை, தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது ஸ்குவாட். பெஞ்சில் மல்லாந்து படுத்து நெஞ்சிலிருந்து தள்ளுவது பெஞ்ச் பிரஸ். தரையிலிருந்து தூக்கி நிமிர்வது டெட்லிஃப்ட். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு. ஒவ்வொரு வாய்ப்புக்கும் மூன்று நடுவர்கள் விளக்கு போடுவார்கள்: வெள்ளை என்றால் சரி, சிவப்பு என்றால் தவறு. மூன்று வகையிலும் சரியாகத் தூக்கிய அதிகபட்ச எடையைக் கூட்டித்தான் இடம் தருவார்கள். ஏதாவது ஒன்றில் மூன்று வாய்ப்பும் தவறினால் கூட்டல் கிடையாது, போட்டியே கிடையாது. பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஒருமுறை கேட்ட எடையை அடுத்த வாய்ப்பில் குறைக்கவும் முடியாது.

பெஞ்சில் இன்னொரு விதி உண்டு. தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் நடுவர் ‘ஸ்டார்ட்’ என்பார். பாரை இறக்கி நெஞ்சில் வைக்க வேண்டும். அது அசையாமல் நின்றது என்று அவருக்குத் திருப்தி ஏற்பட்ட பிறகு ‘பிரஸ்’ என்பார். அதன் பிறகுதான் தள்ள வேண்டும். கை முழுக்க நிமிர்ந்ததும் ‘ராக்’ என்பார், பாரைத் தாங்கியில் திருப்பி வைக்கலாம். அவர் சொல்வதற்கு முன் கை கிளம்பினால், எவ்வளவு லேசாகத் தூக்கினாலும் சிவப்பு விளக்கு. படுத்திருப்பவர் கண்ணுக்குக் கூரை மட்டும்தான் தெரியும். எல்லாம் காதும் பொறுமையும்தான்.

நான் பயிற்சி எடுத்தது ஸ்ரீரங்கத்தில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு டிபன் கடை மாடியில். பயிற்சியாளர் பொன்மலை பணிமனையில் வேலை செய்பவர். விளையாட்டு ஒதுக்கீட்டில்தான் அவரும் உள்ளே போனவர். பெரிய தொந்தி, அதைவிடப் பெரிய குரல். பெரிய எடைக்கு முன் மனதைத் தயார்ப்படுத்த அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று: முதுகில் ஓங்கி அறைவது, மூக்கடியில் அமோனியா புட்டியைக் காட்டுவது, காதில் கத்துவது.

“யோசிக்காதம்மா. யோசிச்சா பாரு கனக்கும். கோவப்படு. உன்னைய யாரு அழ வச்சாங்களோ அவங்கள நெனச்சுக்க.”

“கணக்கு டீச்சர்தான் மாஸ்டர் அழ வச்சாங்க.”

“அப்ப அந்தம்மாவத் தூக்கிப் போடு.”

ஸ்குவாட்டுக்கும் டெட்லிஃப்டுக்கும் அந்தச் சூடு எனக்கு உதவியது. முதுகில் விழுந்த அறை இறங்குவதற்குள் பாரை எடுத்துவிடுவேன். பெஞ்சில் அது வேலை செய்யவில்லை. அமோனியா ஏறினால் கண்ணில் நீர் கொட்டும், கால் வைக்க வேண்டிய இடம் மறந்துபோகும், தோள்பட்டையைப் பின்னால் இறுக்காமலே பாரை இறக்கிவிடுவேன். மாவட்ட மைய நூலகத்திலிருந்து விளையாட்டு உளவியல் புத்தகங்களை எடுத்து வந்து படித்தேன். வேறு வழியும் இருப்பதாக அவற்றில் இருந்தது. அமைதியாகப் படுத்து, கண்ணை மூடி, தூக்குவதை முதலிலிருந்து கடைசிவரை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது. வெளியிலிருந்து சினிமா பார்ப்பது போலப் பார்க்கக் கூடாது. பெஞ்சில் படுத்திருப்பவளின் கண்ணிலிருந்து, அவளுடைய தோலிலிருந்து பார்க்க வேண்டும். நிஜத்தில் எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரமே மனதிலும் ஆக வேண்டும். அந்தப் புத்தகங்களில் ஒரு எச்சரிக்கையும் இருந்தது. மனதில் தவறாக ஒத்திகை பார்த்தால் உடம்பு அந்தத் தவறையும் சேர்த்தே கற்றுக்கொள்ளும். அந்தப் பக்கத்தையும் படித்தேன். தவறு என்றால் தூக்க முடியாமல் போவதைக் கற்பனை செய்வது என்று எடுத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

மார்கழியில் வைகுண்ட ஏகாதசி வந்தது. ஸ்ரீரங்கத்தில் அந்த நாட்களில் ஊரே வேறு கணக்கில் ஓடும். பஸ்ஸை எங்கே நிறுத்துவார்கள் என்பது அன்றன்று போலீஸ்காரர் முடிவு. எங்கள் கட்டட உரிமையாளர் மாடி ஹாலைத் தெலுங்கு தேசத்திலிருந்து வந்த யாத்ரீகர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார். ஒருநாள் நம்பிக்கையோடு போய்ப் பார்த்தேன். எடைத்தட்டுகளை எல்லாம் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். ஸ்குவாட் ஸ்டாண்டில் ஈரப் புடவைகள் காய்ந்துகொண்டிருந்தன. பெஞ்சில் ஒரு பெரியவர் முக்காடு போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். பயிற்சியாளர் வாசலில் நின்று, பெருமாளே வந்து இடம் கேட்கும்போது தான் என்ன செய்வது என்று கையை விரித்தார். ஏகாதசிக்குப் பிந்திய இராப்பத்து உற்சவமும் முடிந்து ஹால் காலியாகும்வரை வீட்டுப் பக்கத்தில் ஏதாவது ஜிம்மில் கையை ஓட்டிக்கொண்டிரு என்றார்.

ஓட்டிக்கொண்டிருந்தேன். பாலக்கரையில் என் வயசுப் பையன்கள் கண்ணாடி முன் கை மடக்கிப் பார்க்கும் ஜிம் அது. பாட்டுச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. பலம் குறையாமல் பார்த்துக்கொண்டேன். ஆனால் ‘ஸ்டார்ட்’ என்றும் ‘பிரஸ்’ என்றும் எனக்குச் சொல்ல அங்கே ஆள் இல்லை. அந்தக் குறையை வீட்டில், மனதுக்குள் சரிக்கட்டலாம் என்று நினைத்தேன். சொல்ல ஒரு குரல் வேண்டும். அம்மாவைக் கேட்டேன்.

அம்மா எங்கள் அன்பியத்தில், அதாவது தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த குழுவில், ஜெபம் முன்சொல்பவள். வாரம் ஒரு வீட்டில் கூடும் ஜெபக்கூட்டத்தில் மன்றாட்டு மாலை அம்மாவுடையது. ஒரு மன்றாட்டு சொல்வாள், கூட்டம் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று முடிக்கும், முடித்த மூச்சிலேயே அடுத்ததைத் தொடங்குவாள். நடுவில் ஒரு இமைப்பொழுது கூட ஏறாது, குறையாது. தெருவில் எல்லாருக்கும் அம்மா முன்சொன்னால் பிடிக்கும். பதில் சொல்ல யோசிக்கவே வேண்டாம், வாய் தானாக வரும் என்பார்கள். பால் அடுப்பில் வைத்துவிட்டு வந்த பெண்கள் அம்மாவை நம்பித்தான் உட்காருவார்கள்.

நான் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். கூரை விளக்கு, உள்ளங்கையில் பாரின் சொரசொரப்பு, பாதத்துக்கடியில் ரப்பர் விரிப்பு, பார் இறங்குவது, நெஞ்சைத் தொடுவது, பிரஸ், மேலே போவது, ராக். சாயந்திரம் ஜெபமாலை முடிந்ததும் நான் கட்டிலில் மல்லாந்து படுத்துக் கைகளை உயர்த்திக் கண்ணை மூடுவேன். அம்மா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படிப்பாள். ஜெபமாலை கையிலேயே இருக்கும்.

அப்பா அடுத்த அறையில் டிவியின் சத்தத்தைக் குறைக்கச் சொன்னதற்காக எரிச்சலில் இருப்பார்.

“என்னம்மா, இன்னிக்கி எத்தனை கிலோ? கிச்சன்ல சிலிண்டர் மாத்தணும். அதையும் அப்படியே படுத்துக்கிட்டே மாத்திடு.”

“நீங்க சும்மா இருங்க,” என்று அம்மா படிப்பதை நிறுத்தாமலே அடக்குவாள். அதிலும் தாளம் தப்பாது.

ஒத்திகை அற்புதமாக இருந்தது. சில நாட்களில் என் உள்ளங்கை நிஜமாகவே வியர்த்தது. பார் நெஞ்சைத் தொட்டதும் அம்மாவின் ‘பிரஸ்’ வரும், கை போகும். பயமே இல்லை. எழுபது கிலோ மனதுக்குள் எழுபது முறைக்கு மேல் ஏறியிருக்கும். ஹால் காலியாகி நான் மறுபடி ஸ்ரீரங்கம் போனபோது போட்டிக்கு ஒரு வாரம்கூட இல்லை. கடைசி வாரத்தில் கனம் தொடக் கூடாது என்பது பயிற்சியாளரின் சட்டம். லேசான எடையில், கட்டளை எதுவும் சொல்லாமல், கையை மட்டும் ஓட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது போ என்று அனுப்பிவிட்டார்.

போட்டி நகரத்தில் ஒரு கல்லூரியின் உள்ளரங்கத்தில். காலையில் ஸ்குவாட் நன்றாகப் போனது. மூன்றும் வெள்ளை. என் எடைப்பிரிவில் நான் இரண்டாவதாக இருந்தேன். அம்மா மேலே பார்வையாளர் படிக்கட்டில், டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா வரவில்லை. தான் வந்து பார்த்த போட்டிகளில் எல்லாம் நான் தோற்றிருப்பதாக அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். என் பதிவுகளின்படி அது உண்மையல்ல. அன்று அதைத் திருத்தத் தோன்றவில்லை.

பெஞ்சுக்குத் தலைமாட்டு நடுவராக உட்கார்ந்தவர் வெளி மாவட்டத்துக்காரர். ஒல்லியானவர், கண்ணாடி, முழங்கால்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு பார்ப்பார். எனக்கு முன்னால் தூக்கிய பெண்களைக் கவனித்தபோது ஒன்று தெரிந்தது: அவர் அவசரப்படாதவர். பார் நெஞ்சில் நின்ற பிறகும் நின்றதுதானா என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

முதல் வாய்ப்பு. எழுபது கிலோ, எனக்கு நிச்சயமான எடை. கண்ணை மூடி மனதுக்குள் ஒருமுறை ஓட்டிவிட்டுப் போய்ப் படுத்தேன். ஸ்டார்ட். இறக்கினேன். தள்ளினேன். காற்றுபோலப் போனது. எழுந்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டே திரும்பினால் மூன்று விளக்கும் சிவப்பு.

பயிற்சியாளர் என் தோளைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்துப் போனார். கட்டளைக்கு முன்னாலேயே தள்ளிவிட்டேனாம். பரவாயில்லை, படபடப்பு, அடுத்ததில் ஒரு மூச்சு கூடப் பிடித்துவிட்டுத் தள்ளு என்றார். நானும் அதையே நம்பினேன். தூக்க முடியாமல் போகவில்லையே. நிதானம் தப்பிவிட்டது, அவ்வளவுதான். நிதானத்துக்கு என்னிடம் மருந்து இருந்தது. என் முறை வரும்வரை நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, மறுபடி மறுபடி மனதுக்குள் ஓட்டினேன்.

இரண்டாவது வாய்ப்பு. இறக்கினேன். காத்திருந்தேன். காத்திருந்ததாகவே எனக்குப் பட்டது. தள்ளினேன். பார் பாதி தூரம் போயிருக்கும்போதே பார்வையாளர் பக்கம் ‘ச்சு’ என்று ஒரு சத்தம் பரவியது. மூன்றும் சிவப்பு.

“நான் வெயிட் பண்ணேன் மாஸ்டர்.”

“எங்கம்மா வெயிட் பண்ண? அந்தாளு வாயே தெறக்கல. முத தடவ எவ்ளோவோ அதே அளவுதான் இப்பவும். அச்சு மாறல.”

அவர் எரிச்சலில் சொன்ன அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்கு உறைத்தது. படபடப்பில் முந்துபவள் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவில் முந்துவாள். அச்சு மாறாமல் முந்துகிறவள் முந்தவில்லை. அவள் வேறு ஏதோ ஒரு தாளத்துக்குச் சரியாக வந்துகொண்டிருக்கிறாள். எந்தத் தாளம் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மார்கழி முழுக்க, தை பிறந்தும், எனக்கு ‘பிரஸ்’ சொன்ன குரல் ஒன்றே ஒன்று. நெஞ்சைத் தொட்ட மூச்சிலேயே அடுத்ததைச் சொல்லும் குரல். தெருப் பெண்களின் வாயைப் போல என் கையும் யோசிக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு வாய்ப்புக்கும் நடுவில் நான் கண்ணை மூடி அதையே இன்னும் ஆழமாக அடித்து இறக்கியிருந்தேன்.

இனி ஒரு வாய்ப்பு. எடையைக் குறைக்க முடியாது, எடை பிரச்சினையும் இல்லை. பட்டியலில் எனக்கு முன்னால் நாலைந்து பேர் தூக்க வேண்டியிருந்தது. அதற்குள் கையை மறக்கச் செய்ய வேண்டும்.

பயிற்சியாளர் பையிலிருந்து அமோனியாவை எடுத்தார். வேண்டாம் என்றேன். முந்துகிற கையை அது இன்னும் முந்த வைக்கும். படிக்கட்டைப் பார்த்து அம்மாவை வரச் சொல்லிக் கை காட்டினேன். போட்டியாளர் பகுதிக்கும் பார்வையாளர் பகுதிக்கும் நடுவில் ஒரு கயிறு. அம்மா அந்தப் பக்கம் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. நடந்ததை இரண்டு வரியில் சொன்னேன்.

“நா படிச்சதாலயா?” என்றாள்.

“நான் கேட்டதாலம்மா. இப்ப அதப் பேச நேரமில்ல. நான் இங்க படுக்கறேன். நீ பிரஸ்ஸுன்னு சொல்லு. ஆனா எப்பவும் போல சொல்லாத. இஷ்டத்துக்கு மாத்தி மாத்தி, லேட்டா சொல்லு.”

கயிற்றோரம் தரையிலேயே படுத்தேன். கையில் பாருக்குப் பதிலாகப் பயிற்சியாளரின் குடை. அதை நெஞ்சில் வைத்தேன். அம்மா சொன்னாள். அச்சு மாறவில்லை. மறுபடி வைத்தேன். அதே இடம். தாமதமாகச் சொல்ல வேண்டும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். அப்போது தாமதம்கூட ஒவ்வொரு முறையும் ஒரே அளவு தாமதமாக வந்தது. மூன்றாவது முறையிலேயே என் கை அந்தப் புதுத் தாளத்தையும் பிடித்துக்கொண்டது. பயிற்சியாளர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, என்னக்கா, உள்ளுக்குள்ள கடிகாரமா வச்சிருக்கீங்க என்றார். ஒலிபெருக்கியில் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். எனக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர்.

அம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

“பெரிய வெள்ளிக்கிழமை எப்படி முட்டி போடுவ?”

முதலில் எனக்குப் புரியவில்லை.

“நம்ம பழைய பங்குச் சாமியார் இருந்தாருல்ல. முழந்தாளிடுவோம்னு சொல்லிட்டுக் கண்ண மூடிக்குவாரே. எப்ப எந்திரிக்கச் சொல்லுவாருன்னு ஒனக்குத் தெரியுமா? யாருக்காச்சும் தெரியுமா? எனக்கே தெரியாது. அப்படி இரு. நா கெடையாது, அவரு.”

வெளியாருக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பெரிய வெள்ளி வழிபாட்டில் நீண்ட மன்றாட்டுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் எல்லாரும் முழந்தாளிட வேண்டும், ஒரு மௌனம், பிறகு எழுந்திருக்கச் சொல்வார்கள். மற்ற ஜெபங்களில் அடுத்த வார்த்தை எப்போது வரும் என்று வாய்க்கே தெரியும். இதில் மட்டும் மௌனத்தின் நீளம் குருவானவரின் மனதில் இருக்கிறது. எங்கள் பழைய பங்குச் சாமியார் அதை மிகவும் நீட்டுவார், ஒவ்வொன்றையும் ஒவ்வொரு அளவுக்கு. காலையிலிருந்து ஒருசந்தி இருந்த வயிறு, மொசைக் தரை, மரத்துப்போன முட்டி. ஒரு வருடம் அப்பா பொறுக்க முடியாமல் பாதி எழுந்துவிட்டார். அவரைப் பார்த்து எங்கள் வரிசையே பாதி எழுந்து, சாமியாரின் கண் இன்னும் மூடியிருப்பதைப் பார்த்து, வெட்கத்தோடு திரும்ப இறங்கியது. அம்மா அப்பாவின் தொடையில் கிள்ளிய இடம் ஈஸ்டர் வரை கன்றியிருந்தது என்று அப்பா இன்றும் சொல்வார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் அந்த மௌனத்தில் அசைந்ததில்லை. மன்றாட்டு மாலை என் வாயில் இருந்தது போல அந்தக் காத்திருப்பும் என் முட்டியில் இருந்தது. சிறு வயதிலிருந்து, அம்மா ‘பிரஸ்’ சொன்ன குரலுக்கும் வெகு முன்னால்.

கண்ணை மூடவில்லை. பாரைப் பற்றி நினைக்கவில்லை. சுவரைப் பார்த்தபடி, முட்டிக்கடியில் மொசைக்கின் குளிர்ச்சியை மட்டும் வரவழைத்துக்கொண்டு நின்றேன். பெயரைக் கூப்பிட்டார்கள். பழக்கத்தில் பயிற்சியாளர் என் முதுகில் அறையக் கையை ஓங்கினார். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. பிறகு தன் தொடையிலேயே ஒன்று வைத்துக்கொண்டு, போயிட்டு வாம்மா என்றார்.

பெஞ்சில் படுத்தேன். கூரையில் எரியாத விளக்கு ஒன்று, எரிகிற விளக்கு ஒன்று. ஸ்டார்ட் என்றார். இறக்கினேன். பார் நெஞ்சைத் தொட்டது. உடனே, எதிர்பார்த்தபடியே, உள்ளே அந்த இடம் வந்தது. அம்மாவின் மூச்சு முடியும் இடம். இரண்டு கையும் ஒருமுறை துடித்தன. அது கடந்துபோனது. இப்போது எனக்குத் தெரிந்த தாளம் எதுவும் மிச்சமில்லை. எழுபது கிலோ விலா எலும்பின்மேல் உட்கார்ந்திருந்தது. அடைத்துவைத்த மூச்சு காதில் அடித்தது. சொல்லவில்லை. கட்டைவிரல் நடுங்க ஆரம்பித்தது. நடுங்கினால் அசைகிறது என்று இன்னும் காத்திருப்பார், காத்திருந்தால் இன்னும் நடுங்கும். சாமியார் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரிய வேண்டியதில்லை.

பிறகு கை கிளம்பியது. அப்படித்தான் நினைவிருக்கிறது: நான் தள்ளினேன் என்பதைவிட, கிளம்பியது. முதல் இரண்டு முறை காற்றாகப் போன அதே எடை இப்போது பாதியில் நின்றுவிட்டது. காத்திருப்பில் பலம் கரைந்திருந்தது. வலது கை பின்தங்கியது, எங்கோ பயிற்சியாளரின் குரல், பார் கோணலாக ஊர்ந்து நேரானது. ராக் என்றார். எடை தாங்க நின்றவர்கள் பாரைப் பிடித்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அரங்கத்தின் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொண்டு, பிறகுதான் பார்த்தேன். இரண்டு வெள்ளை, ஒரு சிவப்பு. மூவரில் இருவர் வெள்ளை கொடுத்தால் போதும்.

அம்மா கயிற்றுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். யாரோ தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் போனதும், பாதியில நின்னுச்சே, அத யாரு சொல்லிக் குடுத்தா என்று கேட்டாள்.

மதியம் டெட்லிஃப்டுக்கு முதுகில் வாங்கிக்கொள்ள நானே பயிற்சியாளர் முன் போய் நின்றேன். சேர்த்துவைத்த கடனையும் சேர்த்து அறைந்தார். மூன்றாவது இடம் கிடைத்தது. நான்காவதாக வந்த பெண்ணுக்கும் எனக்கும் இருந்த வித்தியாசம், பெஞ்சில் தூக்கிய அந்த ஒற்றை எடை இல்லாவிட்டால் அர்த்தமற்றது. சான்றிதழை வைத்து விண்ணப்பித்தேன். வேலை கிடைத்தது. இப்போது இதை எழுதுவது அந்த அலுவலகத்தின் மதிய இடைவேளையில்தான். இன்றும் போட்டிகளுக்குப் போகிறேன். பெஞ்சுக்கு முன் மனதில் ஓட்டிப் பார்ப்பதை விடவில்லை. ஆனால் ‘பிரஸ்’ வருவதற்கு முன்னால் நிறுத்திவிடுவேன். மிச்சத்தை நடுவருக்கு விட்டுவிடுகிறேன். அம்மாவிடம் மறுபடி படிக்கச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஒருமுறை மட்டும், அவளுக்கு ஜெபம் மாதிரியே படிச்சுக் காட்டுனது தப்பாப் போச்சே என்று அன்பியத்துப் பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சொன்ன தொனியில் பெருமைதான் அதிகம் இருந்தது.

அந்தக் கேள்விக்குறி பாக்கி.

அன்று மாலை பயிற்சியாளர் தன் செல்போனில் எடுத்த வீடியோவைக் காட்டினார். பார் நெஞ்சில் இறங்குகிறது, நிற்கிறது. நான் நினைத்த அளவுக்கு நீண்ட நேரமில்லை. சரியாகக் கை கிளம்பும் இடத்தில், பக்கத்து அறையில் யாரோ எடைத்தட்டைக் கீழே போட்ட சத்தம் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. எடை தாங்க நின்றவரின் தோள் நடுவரின் முகத்தை மறைக்கிறது. கட்டளை முதலில் வந்ததா, கை முதலில் கிளம்பியதா என்பதை அதிலிருந்து சொல்ல முடியவில்லை. எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். அம்மாவைக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தேன் என்றாள். இடுப்பு பெஞ்சிலிருந்து லேசாக எழும்பியதற்குத்தான் அந்த ஒரு சிவப்பு என்று பயிற்சியாளர் சாதிக்கிறார். வீடியோவில் இடுப்பு எழும்புவதாக எனக்குத் தெரியவில்லை. சிவப்பு கொடுத்த பக்கவாட்டு நடுவர் யார் என்று எனக்குத் தெரியும். பிறகு இரண்டு போட்டிகளில் அவரைப் பார்த்திருக்கிறேன், வணக்கம் சொல்லியிருக்கிறேன். காரணத்தைக் கேட்கவில்லை.

ஆகவே ஜனவரி 25ஆம் தேதிக் குறிப்பில் மூன்றாவது வாய்ப்பு, நடுவர்களின் முடிவின்படி, வெள்ளை. என் கை கட்டளைக்குப் பிறகு கிளம்பியதா, முன்னாலா என்பது சரிபார்க்கப்படவில்லை.